கொடி நட்ட மூலை

இரண்டாவது சீட்டு வந்த சனிக்கிழமை காலையில் ரஷ்த் நகரத்தில் மழை. குடையை மடக்கிக்கொண்டு வானொலி நிலையத்துக்குள் நுழையும்போதே என் மேசைமேல் அந்த வெள்ளைத் தாள் தெரிந்தது. பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் யாரோ என் தேநீர்க் குவளையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பச்சை மை. பள்ளிக்கூட ஆசிரியை எழுதுவது போன்ற நிதானமான எழுத்து. "கியூமர்ஸ் பூர்தெலான். வெள்ளிக்கிழமை கால்பந்து வர்ணனை. கார்னர், ஏழு முறை." கீழே, வீட்டிலிருந்தே ஒலிபரப்பைக் கேட்டுத் தடைசெய்த சொற்களைக் குறித்தனுப்பும் துர்தானே சாலேஹியின் கையெழுத்து. திட்டும் இல்லை, அறிவுரையும் இல்லை. ஏழு முறை என்று எண்ணியிருந்தாரே, அதுதான் எனக்கு எரிந்தது.

வானொலியில் அந்நியச் சொற்கள் கூடாது என்று தலைநகரத்திலிருந்து உத்தரவு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எந்தச் சொல்லுக்கு நம் மொழியில் மாற்று தயாராகிவிட்டதோ அதை விட்டுவிட வேண்டும் என்பதுதான் உத்தரவு. ஆனால் எங்கள் இயக்குநர் எந்த உத்தரவுக்கும் ஓரடி முன்னால் நடப்பவர். மாற்று வராத சொல்லையும் வருகிறவரைக்கும் சொல்லக் கூடாது என்று அவரே சேர்த்துக்கொண்டார். கால்பந்துக்கென்று ஒரு பட்டியல் தட்டச்சாகி வந்தது. இடப்பக்கம் பழைய சொல், வலப்பக்கம் புதிய சொல். கார்னருக்கும் பெனால்டிக்கும் நேராக வலப்பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. கோல் என்ற சொல் எப்படியோ தப்பித்துவிட்டது. அதைத் தடுத்தால் அன்சலி துறைமுகத்து மீனவர்கள் படகோடு அலுவலகத்துக்குள் வந்துவிடுவார்கள் என்று இயக்குநருக்கே பயம் இருந்திருக்கும்.

ஒரு பருவத்தில் மூன்று சீட்டு வந்தால் ஒலிவாங்கி போய்விடும். பழைய ஒலிநாடாக்களுக்கு எண் ஒட்டும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் சீட்டு பெனால்டிக்காக வந்தது. இப்போது கார்னர். பத்தொன்பது வருடங்களாக வெள்ளிக்கிழமை தோறும் அன்சலி மைதானத்தின் மரக்கூண்டில் உட்கார்ந்து பேசியவன் நான். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைநகரத்து அணியோடு கோப்பை ஆட்டம். வாயிலில் நுழைவுச்சீட்டு கிழிக்கும் ஹைதர் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். "கியூமர்ஸ் அண்ணே, இன்னைக்கு ஊமையா வர்ணனை பண்ணப் போறீங்களாமே? எங்க வீட்டுக்காரி ரேடியோ முன்னாடி கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். "மைதானத்து வாசப்படிய மிதிக்காத பொம்பள எனக்கு மார்க்குப் போடுது. புல்லு என்ன நிறம்னு தெரியுமா அதுக்கு?"

பெண்களுக்கு மைதானத்தில் அனுமதி இல்லை. அது அவர் செய்த குற்றம் அல்ல என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதிகச் சிரிப்பு அந்த வார்த்தைக்குத்தான் கிடைத்தது. இறைவன் என்னை மன்னிக்கட்டும்.

என் மனைவி குல்அந்தாம் புறப்படும்போது என் சட்டைப் பையில் நாலைந்து கிராம்பு போட்டு அனுப்பியிருந்தாள். "அந்த வார்த்த நாக்குக்கு வர்றப்ப ஒன்ன எடுத்துக் கடிச்சுக்கோங்க. உறைக்கிற உறைப்புல பேச்சு தானா நின்னுரும்" என்றாள். கூண்டில் ஏறி ஒலிவாங்கி முன் உட்கார்ந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.

கடலிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆறாவது நிமிடத்திலேயே சோதனை வந்துவிட்டது. எங்கள் தடுப்பாட்டக்காரனின் காலில் பட்டுப் பந்து கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் உருண்டது. கார்னர். கிராம்பைக் கடித்தேன். கண்ணில் நீர் வந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் வீட்டில் கேட்பவர்கள் வானொலி கெட்டுவிட்டது என்று தட்டுவார்கள். பயத்தில், கண்ணில் பட்டதை அப்படியே சொல்ல ஆரம்பித்தேன்.

பின்கோடும் பக்கக்கோடும் சேருகிற மூலையில் ஓர் ஆள் தோள் உயரத்துக்குச் சின்னக் கொடி நட்டிருக்கிறது, காற்றில் அது கடலுக்கு முதுகைக் காட்டிப் படபடக்கிறது என்றேன். எதிரணிப் பையன் பந்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போகிறான், கொடிக்குக் கீழே சேற்றைக் குதிகாலால் ஒதுக்கி வைக்கிறான், தூசு தட்டுவதுபோலப் பந்தைத் தன் சட்டையில் துடைக்கிறான் என்றேன். கோல் கம்பங்களுக்கு முன்னால் பதினாறு பதினேழு பேர் தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள், யாவர் என்கிற நம் ஆட்டக்காரன் எதிராளியின் சட்டை நுனியைப் பிடித்திருக்கிறான், நடுவர் பார்க்கும்போது விட்டுவிடுகிறான் என்றேன். பையன் ஒரு கையைத் தூக்குகிறான். அது அவர்களுக்குள் ஏதோ அடையாளம். பந்து எழும்பிக் காற்றில் வளைகிறது, எல்லோர் முகங்களும் ஒரே நேரத்தில் மேலே திரும்புகின்றன, தொழுகை முடிந்து கையேந்தித் துஆ கேட்பவர்களைப் போல.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்தொன்பது வருடங்களில் எத்தனை ஆயிரம் கார்னர் பார்த்திருப்பேன். அத்தனைக்கும் அந்த ஒரு சொல்லை வீசிவிட்டு, கிடைத்த இடைவெளியில் தேநீரை ஒரு மடக்குக் குடித்திருக்கிறேன். முகங்கள் மேலே திரும்புவதை நான் பார்த்ததே இல்லை. யாவர் இப்படிச் சட்டையைப் பிடிப்பான் என்பதும் தெரியாது. படைத்தவன் கண் முன்னால் கொட்டி வைத்திருப்பதை ஒரு மூடியைப் போட்டு மூடி, அதன்மேல் உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றியது. இயக்குநரின் உத்தரவு நல்லதென்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கும் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் படைத்தவனுடைய அருள் எந்தக் கதவு வழியாக வரும் என்பதை நாமா தீர்மானிக்கிறோம்?

அதன் பிறகு கிராம்பு தேவைப்படவில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில், எதிரணியின் எல்லைக் கட்டத்துக்குள் யாவரைக் கீழே தள்ளினார்கள். நடுவர் வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். மைதானம் எழுந்து நின்றது. புள்ளியிலிருந்து கம்பத்துக்குப் பதினொரு மீட்டர், நடுவில் யாரும் இல்லை, ஒரே ஒரு மனிதன் கையுறைகளில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு நிற்கிறான் என்றேன். யாவர் குனிந்து பந்தின் வால்வு தன் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைக்கிறான் என்றேன். பலகை வரிசைகளில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்கள் அதைக் காதில் அழுத்திக்கொண்டார்கள். கண் முன்னால் நடப்பதை ஏன் காதில் கேட்க வேண்டும்? ஆனால் கேட்டார்கள். என் குரல் எனக்கே அந்த நூறு சிறு பெட்டிகளிலிருந்தும் மெல்லியதாகத் திரும்பி வந்தது. யாவர் ஆறு அடி பின்னால் போனான். ஓடி வந்தான். பந்து கையுறைகளைத் தாண்டியது, இடதுபக்கக் கம்பத்தில் மோதித் திரும்பியது.

"பெனால்டி போச்சே" என்று கத்திவிட்டேன்.

அத்தனை பேரும் கத்தினார்கள். என் கத்தல் அதில் முங்கிப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். ஆட்டம் சமனில் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் மிச்சக் கிராம்புகளைக் குல்அந்தாமிடம் திருப்பிக் கொடுத்தேன். பூண்டு ஊறுகாயையும் சோற்றையும் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை மேசைமேல் சீட்டு இல்லை. அலுவலக உதவியாளர் வந்து, துர்தானே அம்மா தொலைபேசியில் பேசினார், மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார் என்று சொல்லி, முகவரி எழுதிய துண்டுத்தாளை நீட்டினார்.

ஒரு பெட்டி வாதுமை இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். லஞ்சம் என்று நினைப்பாரோ என்று பாதி வழியில் தோன்றியது. திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கைவிரலில் பச்சை மை. முன்னறைக் கம்பளத்தின்மேல் நாற்பது வயது மனிதர் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியே இருந்தன. என் காலடி கேட்டதும் அவர் முகம் என் பக்கம் திரும்பவில்லை, காது திரும்பியது.

"என் தம்பி நஸ்ருல்லா. பிறவியிலேயே பார்வை இல்ல" என்றார் துர்தானே. "வெள்ளிக்கிழம ஆட்டத்த நாங்க ரெண்டு பேரும்தான் கேக்குறோம். நான் வேலைக்காக. அவன் உயிருக்காக."

தேநீர் வந்தது. அவர் ஒரு தாளை எடுத்துத் தன் முன் வைத்தார். பச்சை மையில் என் பெயரும் தேதியும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே காலி.

"அந்த உதை கம்பத்துல பட்டப்ப இவன் என் கையப் புடிச்சு இழுத்துட்டான். பேனா கீழ விழுந்துருச்சு. நீங்க என்னமோ சொன்னீங்க. என்னன்னு சத்தியமாச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நேரடி ஒலிபரப்புக்கு நாடா எடுத்து வைக்கிறதும் இல்ல. பொய்யா எழுதி எனக்குப் பழக்கமில்ல, ஐயா. கேட்டேன்னும் எழுத முடியல, கேக்கலன்னும் எழுத முடியல. அதான் உங்களையே கேக்கலாம்னு கூப்ட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய கண்களில் தந்திரம் எதுவும் இல்லை. ஒரு வார்த்தை, இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை அவர் நம்பி எழுதுவார், அடுத்த வெள்ளிக்கிழமை நான் என் கூண்டில் இருப்பேன். ஹைதரின் வாயிலில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. புல்லின் நிறம் தெரியாதவர் என்று நான் சொன்னவர், ஒரு வார்த்தையை அநியாயமாக என்மேல் ஏற்றிவிடக் கூடாது என்று இரவெல்லாம் தாளைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சொன்னேன், அம்மணி" என்றேன். "பெனால்டி. ஒரு தடவ."

அவர் தலையசைத்தார். வருத்தப்பட்டாரா என்று தெரியவில்லை. தாளில் அந்தச் சொல்லையும், ஒரு முறை என்பதையும் எழுதினார். பிறகு பேனாவை எடுக்காமல் கீழே இன்னும் நாலைந்து வரி நிதானமாக எழுதினார். தலைகீழாக இருந்ததால் என்னால் படிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை. தாளை மடித்து இனிப்புப் பெட்டிக்குக் கீழே வைத்தார்.

நஸ்ருல்லா தொண்டையைச் செருமினார். "அண்ணே, உங்க கணக்கு முடிஞ்சுதுன்னா, என் கணக்கு ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, பக்கத்திலிருந்த பெரிய செவ்வகத் தேநீர்த் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

தட்டில் காய்ந்த மொச்சைகள் இருந்தன. சட்டெனப் புரியவில்லை. பிறகு பார்த்தேன். ஒரு மூலையில் தீக்குச்சி ஒன்று பிசைந்த மாவில் குத்தி நின்றது. அதனடியில் ஒரு கொண்டைக்கடலை. பக்கத்தில் ஒற்றை மொச்சை. தட்டின் குறுக்கு விளிம்பின் நடுவே இரண்டு கரண்டிக் காம்புகள், அவற்றுக்கு முன்னால் பதினேழு மொச்சைகள் நெருக்கியடித்து நின்றன. ஆறாவது நிமிடம். கொடி கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டிய திசையில்கூட ஒரு துண்டு நூல் ஒட்டியிருந்தது.

குவளையைக் கீழே வைத்தேன். சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

"முப்பது வருசமா அந்த வார்த்தையக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் நஸ்ருல்லா. "அது ஏதோ தண்டனைன்னுதான் நெனச்சேன். தப்புப் பண்ணவன மூலைல நிறுத்துவாங்கல்ல, பள்ளிக்கூடத்துல, அந்த மாதிரி. கொடி இருக்குன்னு யாருமே சொல்லல. கொடி என்ன நிறம்?"

"செவப்பு" என்றேன். உடனே, பார்வையற்றவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று திகைத்து, "அடுப்புக்குப் பக்கத்துல கைய வச்சா எப்படியிருக்கும், அப்படி" என்றேன். அவர் திருப்தியோடு தீக்குச்சியின் தலையைத் தொட்டுப் பார்த்தார். துர்தானே தட்டின்மேல் குனிந்தார். "நானும் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நஸ்ருல்லா கரண்டிக் காம்புகளைத் தடவினார். "இது சரியா வச்சிருக்கேனா? நேத்து உதைச்சது இதுல பட்டுத் திரும்பிருச்சு. புரியுது. படாம நடுவுல போயிருந்தா? அப்புறம் பந்து எங்க போகும்? இத்தன வருசமும் கோல்னா, பந்து அப்படியே கடலுக்குப் போயிரும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் வேற பந்து எடுத்துட்டு வருவாங்கன்னு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று அத்தனையும் சொன்ன நான் அதைச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடங்களில் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

"பின்னாடி வலை இருக்கு, தம்பி" என்றேன்.

"வலையா? மீன் வலையா?"

"அதே மாதிரிதான்."

அவர் காம்புகளுக்குப் பின்னால் விரலால் துழாவினார். அவர் முகத்தில் ஏதோ மெல்ல மெல்ல விரிந்துகொண்டு வந்தது. துர்தானே எழுந்து சமையலறைக்குப் போனார். வெங்காயங்களைத் தரையில் கொட்டும் சத்தம் கேட்டது. சிவப்பு வலைப்பையை உதறிக்கொண்டே வந்து, தட்டின் விளிம்பில், கரண்டிக் காம்புகளுக்குப் பின்னால் அதை விரித்துப் பிடித்தார். அவர் மடியில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. இனிப்புப் பெட்டியின் அடியிலிருந்து மடித்த தாளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குள் அந்த மூன்றாவது சீட்டு இயக்குநரின் மேசைக்குப் போயாக வேண்டும்.

"சொல்லுங்க, அண்ணே" என்றார் நஸ்ருல்லா, மொச்சைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கொண்டைக்கடலையைத் தேடி எடுத்து நடுவில் வைத்து.

நான் சொல்லத் தொடங்கினேன். யாவர் ஆறு அடி பின்னால் போகிறான் என்றேன். அவர் சுண்டுவிரலை மடக்கிக் கடலையை மெல்லத் தட்டிவிட்டு, மறுகையை வலைக்குப் பின்னால் விரித்துக் காத்திருந்தார். கடலை காம்புகளுக்கு நடுவே உருண்டு போய் வலையில் முட்டி நின்றது. அந்தச் சின்ன முட்டல் அவருடைய உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. விரல்களை வலையோடு சேர்த்து மூடி, அப்படியே பிடித்துக்கொண்டார்.