திங்கட்கிழமைக் கால்கள்

தடாலென்று செல்ஃபோன் ஸ்டூலிலிருந்து விழுந்தது. விழுந்தும் அலாரம் அடங்கவில்லை. மாரிகுப்பம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுச் சுவரைத் தட்டி, "டேய் திலீப்பு! பெங்களூர் ரயில் உனக்குடா, எங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார்.

திலீப் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். ஃபோனைத் தட்டிவிட்ட கை அப்படியே தொங்கியது. கால்கள் இரண்டும் சிமெண்ட் மூட்டைகள். வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. எழுந்திரு என்றால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுபடியும் திங்கட்கிழமை! இன்னொரு மண்டே லீவு போட்டால் வேலை கிடையாது என்று பெங்களூர் கம்பெனி சூப்பர்வைசர் போன வாரமே எச்சரித்திருந்தார்.

"அம்மா, கால் வரலமா."

கிருஷ்ணம்மா குனிந்து மகனின் வாயை மோந்து பார்த்தாள். வாடை இல்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. "உங்கப்பன் புத்தி! மண்டே ஷிஃப்ட்னா அந்த ஆளுக்கும் இப்பிடித்தான் கால் வராது. ஊரே சிரிச்சுது."

அப்பா ராஜப்பா சுரங்கத் தொழிலாளி. 'மண்டே ராஜப்பா' என்ற பட்டப்பெயரோடு போய்ச் சேர்ந்தவர்.

சேதி தெரிந்து, பக்கத்திலிருக்கும் ஊரிகத்திலிருந்து அண்ணன் ரவிகுமார் பைக்கில் வந்து இறங்கினான். ஹெவி இன்ஜினியரிங் ஃபேக்டரியில் நிரந்தர வேலைக்காரன். தம்பிக்குச் சிபாரிசு செய்து பெங்களூர் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

"நேத்து பொழுதுக்கும் மைசூர் மைன்ஸ் கிரவுண்டுல ஃபுட்பால். ராத்திரி பிரியாணி, கேசரி. கூட சரக்கு வேற போட்டிருப்ப. என்னப் பாரு, ஞாயித்துக்கிழமைன்னாலும் ரெண்டு சப்பாத்திதான். ஒடம்ப அடக்கத் தெரியணும்டா!"

வாரமெல்லாம் ரயிலில் இடிபடுகிறவர்களுக்கு ஆட்டமும் விருந்தும் ஞாயிறு ஒரு நாள்தானே? "சத்தியமா குடிக்கலண்ணா" என்றான் திலீப்.

"எந்தக் குடிகாரன்டா குடிச்சேன்னு சொல்வான்?" என்று சொல்லிவிட்டு, ரவிகுமார் ஃபோனோடு வெளியே போனான்.

பெற்ற மனசு கேட்காமல், கிருஷ்ணம்மா சர்க்கரை அள்ளிப் போட்டுக் காபி புகட்டினாள். பிறகு ஆட்டோவில் தெருமுனை கிளினிக். "வீக்னெஸ்தான்" என்று அங்கே குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். பாட்டில் பாதி இறங்குவதற்குள் திலீப்பின் கழுத்து துவண்டது, மூச்சு இரைத்தது. அலறியடித்துக்கொண்டு கோலார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் ஷைலஜாவுக்குக் கோபம் வந்தது. "குளுக்கோஸ் ஏத்தினது யாரு? இவர் ரத்தத்துல பொட்டாசியம் பாதியா எறங்கியிருக்கு. உடம்பை விட்டுப் போகல, தசைக்குள்ள புகுந்துக்கிச்சு. நல்லா ஓடியாடிட்டு, வயிறு முட்டச் சோறும் இனிப்பும் சாப்பிட்டுப் படுத்தா, இந்த நோய் இருக்கிறவங்களுக்கு விடியும்போது கை கால் விழுந்துடும். சர்க்கரை ஏறினா இன்சுலின் சுரக்கும், அது பொட்டாசியத்தை உள்ளே தள்ளும். நீங்க காபியும் குளுக்கோஸும் குடுத்து இன்னும் தள்ளிவிட்டிருக்கீங்க!"

"குடியால வந்ததில்லையா டாக்டர்?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மா.

"சம்பந்தமே இல்லம்மா. பெரும்பாலும் பரம்பரையா வர்றது. வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

கிருஷ்ணம்மா வாயைத் திறந்தாள். ரவிகுமார் முந்திக்கொண்டான். "எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டர்."

பொட்டாசியம் மருந்து உள்ளே போகப் போக, விரல் அசைந்தது, முழங்கால் மடங்கியது. சாயங்காலம் திலீப் எழுந்து நடந்தான். நடந்து போய் ஃபோனை எடுத்தால், சூப்பர்வைசரின் செய்தி காத்திருந்தது: 'குடித்துவிட்டுக் கிடக்கிறாயாம். உன் அண்ணனே காலையில் ஃபோன் செய்து சொல்லிவிட்டார். இனிமேல் வர வேண்டாம்.'

அண்ணன் ஏதோ கோபத்தில் உளறிவிட்டான், நோயைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று திலீப் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வேறென்ன செய்வது?

மறுநாள் ரவிகுமாரின் மனைவி மமதா கீரைக் கூட்டோடு பார்க்க வந்தாள். திலீப் பொட்டாசியம் மருந்தைத் தண்ணீரில் கலக்கி, உப்புக் கரிக்க முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த மமதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, இதுவா தம்பி? உங்க அண்ணன் எங்க கல்யாணத்துலேர்ந்து தெனமும் இதத்தானே கலக்கிக் குடிக்கிறாரு, ஃபேக்டரி சூட்டுக்குன்னு!"