அட்டை விழும்வரை

என் மகள் தாரணியிடம் ஒரே ஒரு குறைதான். சிரித்துவிடுவாள். அதுவும் சிரிக்கவே கூடாத இடத்தில் சிரிப்பாள். முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் பிளாஸ்டிக் நாற்காலியோடு மல்லாக்க விழுந்தார். இவள் காபித் தட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிப் போய்ச் சிரித்தாள். உள்ளே என்றால் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். அடுத்து வந்த பையன் தனக்குப் பாட வரும் என்று யாரும் கேட்காமலே பாட ஆரம்பித்தான். அதற்கு அவள் ஓடக்கூட இல்லை.

"பொண்ணு லட்சணம், வேலைக்கும் போகுது, ஆனா சிரிக்குது" என்று தரகர் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். மைசூரில் இருக்கிற நம் ஜனங்களுக்குள் பேச்சு பரவ ஒரு வாரம் போதும். ஊதுபத்தி கம்பெனியில் இத்தனை பெண்களை மேய்க்கிறவளுக்கு ஒரு வாயை மூடிக்கொள்ளத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வயது இருபத்தேழு. அதை நினைத்தால் எரிச்சலும் போய் பயம் வந்துவிடும்.

இந்த நிலையில்தான் கொள்ளேகாலத்து ஜோதிமணியம்மாவின் பையன் தீபக்கின் வரன் வந்தது. நஞ்சன்கூடு ஃபேக்டரியில் வேலை. போட்டோவைத் தாரணி பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தாள். "எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றாள். அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை அதற்கு முன் வந்ததே கிடையாது.

ஆனால் ஜோதிமணியம்மா பெண் பார்க்க வீட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். "கேசரியும் பஜ்ஜியும் தின்னு தின்னு எனக்குச் சர்க்கரையே வந்துருச்சுங்க. வீட்டுக்குள்ள உக்காந்தா எல்லாருமே நல்லவங்களாட்டத்தான் இருப்பாங்க. ரெண்டு குடும்பமும் ஒருநாள் எங்காச்சும் போய்ட்டு வந்தா ஆளு எப்படின்னு தெரிஞ்சு போயிருமுங்க" என்றார். எங்கே போவது என்று தீபக் முடிவு செய்தான். லீவு கிடைத்தால் காடு மேடு என்று சுற்றுகிற பையனாம். குடகு மலையில் ஆற்றங்கரையோரமாக ஒரு தேவர காடு, சாமிக்கென்று விட்ட காடு, யாரும் கோடரி வைக்காதது என்றான். சாமி என்றதும் என் வீட்டுக்காரர் வேலாயுதம் சரி என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேன் வருவதற்குள் நான் தாரணியைச் சமையலறையில் மடக்கினேன். "இன்னிக்கு உன் பல்லு ஒண்ணு வெளிய தெரிஞ்சாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன். யார் விழுந்தாலும் சரி, எழுந்தாலும் சரி. சத்தியம் பண்ணு" என்றேன். என் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

காட்டு வாசலில் ஒரு கல், அதன் மேல் குங்குமம், பக்கத்தில் ஒரு மணி. காட்டைப் பார்த்துக்கொள்கிற சித்தையன் என்பவர் எங்களை நிறுத்திச் சட்டம் சொன்னார். கன்னடத்தில்தான் சொன்னார். செருப்பு உள்ளே போகக் கூடாது. ஒரு இலைகூட இங்கிருந்து வெளியே போகக் கூடாது. உள்ளே இருக்கிற எந்த உயிரையும் அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, எல்லாம் தேவருடையது. என் வீட்டுக்காரர் தானே அந்தச் சட்டத்தை எழுதியது போலத் தலையாட்டினார்.

உள்ளே போனதும் வெயில் காணாமல் போய்விட்டது. மரங்கள் ஒவ்வொன்றும் அடியில் சுவர் வைத்துக் கட்டியது போல வேர் விட்டு நின்றன. அந்த வேர் இடுக்கில் எங்கள் சமையலறையே அடங்கிவிடும். பெருங்கொடிகள் ஒரு மரத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கின. மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்ததால் காலடியில் இலைகள் மெத்தென்று ஈரமாக இருந்தன. எங்கோ ஒரு பெரிய பறவை பறந்தது, அதன் சிறகுச் சத்தம்தான் கேட்டது, பறவையைக் காணோம். கூடவே எந்நேரமும் ஆற்றின் சத்தம். எனக்கு நிஜமாகவே பிடித்துப் போயிற்று. தேவராஜ மார்க்கெட்டின் கூச்சலுக்குப் பழகின காதுக்கு அது கோயில் கருவறை.

என் வீட்டுக்காரர் சும்மா வந்திருக்கலாம். கேமராவை மாட்டிக்கொண்டு, எதிர்ப்பட்ட மரத்தையெல்லாம் தட்டி, "இது ஈட்டி" என்றார். அடுத்ததையும் ஈட்டி என்றார். மூங்கிலைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்தார். நான் தாரணியைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றாள். என் வளர்ப்பு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பிரம்புப் புதர் ஒன்றின் அடியில் குனிந்து புகுந்து வெளியே வந்த தீபக், "இங்க பாருங்க, காட்டு ஜாதிக்காய்" என்று எங்கள் பக்கம் திரும்பினான். அவன் வலது காது மடலில் ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைக் காது ஜிமிக்கி போல, அவன் தலையாட்டினால் அதுவும் ஆடியது. அட்டை கடித்தால் வலிக்காதாம். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஜாதிக்காயைப் பற்றி விளக்கமாகச் சொல்லிக்கொண்டே போனான்.

"ஐயோ கண்ணு, காது!" என்று ஜோதிமணியம்மா கையை நீட்டினார். "பேட! பேட!" என்று சித்தையன் பாய்ந்து வந்து, வேண்டாம் என்று கைகாட்டி நடுவில் நின்றார். பிடுங்கக் கூடாதாம், பிடுங்கினால் அதற்கு வாய் கிழிந்துவிடுமாம்.

"அப்ப வெளிய போய் எடுத்துக்கறோமுங்க" என்றார் ஜோதிமணியம்மா. அதற்கும் கூடாதென்று தலையை ஆட்டினார் சித்தையன். அட்டையும் தேவருடையது. இலையே வெளியே போகக் கூடாது என்கிறபோது உயிரோடு இருப்பதை எப்படிக் கொண்டு போவது? குடித்து முடித்துத் தானாக விழும், அதுவரை உட்காருங்கள் என்று ஆற்றங்கரைப் பாறையைக் காட்டினார்.

உட்கார்ந்தோம். இரண்டு குடும்பமும் வரிசையாக உட்கார்ந்து ஒரு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன பேசுவது? "தம்பிக்கு சம்பளம் எவ்வளவு" என்று கேட்க வாயெடுத்த என் வீட்டுக்காரர், கண் காதுக்குப் போனதும் "எவ்வளவு பெரிசா ஆயிடுச்சு" என்று முடித்தார். அது நிஜமாகவே பெரிதாகிக்கொண்டுதான் இருந்தது. தாரணியின் முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. நான் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, கல்லாகி, ஆற்றையே பார்த்தாள். சத்தியம் சத்தியம்தான்.

நான் கை அலம்ப ஆற்றோரம் இறங்கினேன். பாறைக்கு அந்தப் பக்கம் தீபக் அவன் அம்மாவிடம் கன்னடத்தில் முணுமுணுப்பது கேட்டது. எங்களுக்குக் கன்னடம் வராது என்று நினைப்பா, அல்லது அவனுக்குத் தமிழைவிட அதுதான் சுலபமா, தெரியவில்லை. "இந்தப் பொண்ணு எதுக்கெடுத்தாலும் சிரிக்கும்னு சொன்னாங்கன்னுதாம்மா நான் சரின்னேன். என் காதுல அட்டை தொங்குது, அது ஆத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. இதுக்கே சிரிக்காத பொண்ணோட நான் எப்படிக் காலம் தள்ளுவேன்? வேண்டாம்மா."

சிரித்ததால் போன வரன்கள் போதாதென்று, இதை நானே மெனக்கெட்டுக் கெடுத்திருக்கிறேன். ஓடி வந்து தாரணியின் காதில், "சிரிடி!" என்றேன்.

"என்னது?"

"சிரின்னா சிரி! அவர் காதைப் பார்த்துச் சிரி!"

"நீதானேம்மா சத்தியம் வாங்கின?"

"சத்தியம் வாபஸ். சிரி!"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தீபக்கின் பக்கம் திரும்பி, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து, "ஹி ஹி" என்றாள். ஜோதிமணியம்மா பதறிப்போய், "ஏம்மிணி, பல்லு வலிக்குதா?" என்று கேட்டார். தீபக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அட்டை நிறைந்து, தொப்பென்று அவன் தோளில் விழுந்து பாறையில் உருண்டது. சித்தையன் அதை ஒரு இலையில் ஏந்திக் கொண்டுபோய் மரத்தடியில் படுக்க வைத்தார். "சரி, கிளம்பலாமுங்களா?" என்று ஜோதிமணியம்மா எழுந்தார். அந்தக் குரலிலேயே பதில் தெரிந்துவிட்டது. தாரணி சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். விஷயம் அவளுக்கும் புரிந்துவிட்டது. என் குழந்தையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நானும் எழுந்தேன். முழங்காலுக்குப் பின்னால் ஏதோ பிசுபிசுத்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். ஒன்று இல்லை, கொத்தாக இருந்தது.

அடுத்து நான் என்ன செய்தேன் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கத்தினேனாம். மாரியம்மன் கோயில் பூமிதியில் இறங்கினவள் மாதிரி பாறை மேல் குதித்தேனாம். என் வீட்டுக்காரர் புளியோதரைக் கூடையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு என்னைக் காப்பாற்ற ஓடி வந்தார். சித்தையன் "பேட!" என்று அலறினார். திடுக்கிட்டு நின்ற என் வீட்டுக்காரர் பாசியில் கால் வழுக்கி, நின்ற வாக்கிலேயே சறுக்கி, ஆற்றில் இடுப்பளவு நீரில் போய் உட்கார்ந்தார். கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இந்த அட்டையையும் போட்டோ எடுங்க! இதுவும் ஈட்டி மரமான்னு பாருங்க!" என்று நான் கத்தினேன்.

சித்தையன் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, வெகு மரியாதையாக, "அம்மா, இதுங்க இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. கூத்கொள்ளி" என்று மறுபடியும் அதே பாறையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

தாரணிக்கு முதலில் ஒரு விக்கல்தான் வந்தது. அப்புறம் வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்து, "அம்மா... கொத்து..." என்று சொல்ல முயன்று முடியாமல், தரையை அடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்துவாள், ஆற்றில் கேமராவோடு உட்கார்ந்திருக்கிற அப்பாவைப் பார்ப்பாள், மறுபடி ஆரம்பிப்பாள். எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, அள்ளிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. தீபக்கைப் பார்த்தேன். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் சொட்டிக்கொண்டிருக்க, அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் சிரிக்க ஆரம்பித்தான். ஒருத்தர் நிறுத்தினால் இன்னொருத்தர் தொடங்கினார்கள். ஆற்றில் இருந்தவரைத் தூக்கிவிட இருவருக்கும் தோன்றவில்லை.

ஜோதிமணியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்து என் பக்கத்தில் பாறையைத் தட்டிக் காட்டினார். "உக்காருங்க சம்பந்தி. அதுக குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாம தேதியப் பேசிப்போடலாமுங்க."

நான் உட்கார்ந்தேன். கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

"அவசரமே இல்லீங்க சம்பந்தி. மெதுவாவே குடிக்கட்டும்" என்றேன்.