ஊர் நம்பிய வார்த்தை

"டப்பால ரெண்டாளு சோறு கீது," என்றான் அரசு. "யாருக்கு?"

பிரியங்கா சட்டியை வழித்து டிபன் அடுக்கில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "நேத்தே சொன்னேன் இல்ல. ஆதித்யாவுக்கு. அவங்கம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கெடக்குறாங்க. வூட்ல ஆக்க ஆளில்ல. ஒரு நாள் சிநேகா எடுத்தாறா, ஒரு நாள் நானு."

"சிநேகாவே டெய்லி எடுத்தாரக் கூடாதா?"

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னா ஆச்சு ஒனக்கு?"

மீனின் வால் துண்டு யார் பங்குக்குப் போகிறது என்று அவன் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. அடுக்கை மூடிக் கொக்கியை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மாமல்லபுரம் சாலையில் ஒரு கடற்கரை விடுதியில் விருந்தாளிகளின் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் வளர்ந்த ஆதித்யாவும், சிநேகாவும் அங்கே அவளோடு வேலை செய்கிறவர்கள்.

அரசு இருளர் வீட்டுப் பிள்ளை. அவன் அம்மா ஞானம்மாள் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிப்பவள். கழிக்கு அந்தப் பக்கம் மீனவர் குப்பம். கல்யாணத்துக்கு முன்பு, ஒரு புயல் நாளில் குப்பத்துச் சதாசிவத்தின் ஃபைபர் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கரையில் நின்றவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது கழியிலிருந்து அரசு நீந்திப் போனான். சதாசிவத்தையும் அவரோடு போன நான்கு பேரையும் ஒவ்வொருவராகத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து மணலில் போட்டான். கடைசியாக வந்தவன் பிரவின்குமார், சதாசிவத்தின் அக்கா மகன். அன்றுவரை அந்தப் படகின் எஞ்சினைப் பிடித்தவன் அவன்தான்.

சதாசிவம் கரையிலேயே அரசுவைக் கட்டிக்கொண்டு அழுதார். "இனிமே எஞ்சின் ஒன் கையில," என்றார். அவர் சொன்னதைப் பிரவின்குமார் மணலில் குப்புறக் கிடந்தபடி கேட்டான்.

எஞ்சின் கைக்கு வந்தது. சதாசிவம் வீட்டில் சோறும் கிடைத்தது. கொல்லைப் பக்கம், தனித் தட்டில். சாப்பிட்டு முடித்து அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். ஒரு மத்தியானம் சதாசிவத்தின் மகள் பிரியங்கா தன் தட்டோடு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். தன் தட்டிலிருந்த மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தின்றாள். உலகத்தில் அதற்குமேல் ஒரு பெண் ஒருவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று அரசு நினைத்தான்.

பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தார்கள். குப்பத்துத் தலைவர், நாட்டார் சிவப்பிரகாசம் பஞ்சாயத்தைக் கூட்டி இருவரையும் ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார். ஆனால் அலை ஏறும் மாதங்களில் முகத்துவாரத்தைத் தாண்டிப் படகைக் கொண்டுபோக அரசுவைவிட்டால் ஆளில்லை. ஆகவே அவன் படகுக்கு வரலாம், பெண் ஊருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று முடிவானது. கடலில் அவன் டிரைவர். கரையில் யாருமில்லை.

பிரவின்குமார் ஒருவன்தான் அவனை மச்சான் என்று கூப்பிட்டான். அரசுவுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

"தப்பா நெனைக்காத மச்சான்," என்றான் ஒரு நாள், வலையைப் பிரித்துக்கொண்டே. "எங்க பொண்ணுங்கள எனக்குத் தெரியும். பெத்தவனையே தூக்கிப் போட்டுட்டு வந்தவ. ஒன்கிட்ட இன்னாத்தப் பாத்து நெலையா இருக்கப்போறா? அந்த டவுன்ஷிப்பு பையன் கலரு இன்னா, இங்கிலீஷு இன்னா. எனக்கு இன்னா வந்துச்சு, சொல்லிட்டேன்."

வேறு ஒருவனிடம் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். அரசு அடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பஸ்ஸில் அவர்களைச் சேர்த்துப் பார்க்கிற ஒவ்வொரு கண்ணும் அதையே கேட்டது. இவனிடம் என்ன இருக்கிறது என்று இவள் வந்தாள்? அவனுக்கு ஒருநாளும் விடை கிடைத்ததில்லை.

மறுநாள், அவள் இரண்டாள் சோறு கட்டிக்கொண்டு போன அன்று மத்தியானம், பிரவின்குமார் அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் விடுதியின் சவுக்கு வேலிக்கு வெளியே நிறுத்தினான். மரத்தடியில் பிரியங்கா உட்கார்ந்திருந்தாள். ஆதித்யா அவள் அடுக்கிலிருந்தே சோற்றை அள்ளித் தின்றுகொண்டிருந்தான். அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். அதே அடுக்கில் கையை விட்டு ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். சிநேகா அப்போதுதான் எழுந்து குழாயடிக்குக் கைகழுவப் போயிருந்தாள். பிரவின்குமார் அதைப் பார்த்தான். சொல்லவில்லை.

ஒரே பாத்திரத்தில் கை வைப்பது ஆதித்யாவுக்குப் பசி. அரசுவுக்கு அப்படி இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தே வளர்ந்தவனுக்கு அது ஒன்றுதான் காதலுக்குச் சாட்சி.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அறைந்தான். கடலில் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. ஒரே அறைதான். அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் வடிந்தது.

"இன்னாத்துக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஞானம்மாள் ஓடிவந்து மருமகளைத் தாங்கினாள். "பாவி, ஒனக்காக எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தவடா," என்றாள்.

"அதான், என்கிட்ட எப்டி வந்தா?" என்றான் அரசு.

காலையில் அவனே பஞ்சாயத்துக்குப் போனான். அவனைத் தள்ளிவைத்த அதே கோயில் மண்டபம். "அத்து வுட்ருங்க நாட்டாரே. அவ நடத்த சரியில்ல," என்றான்.

சிவப்பிரகாசம் அவனை உட்காரச் சொன்னார். அந்த மண்டபத்தில் அவனை யாரும் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "கட்டுனவனே சொல்றான். இதுக்குமேல சாட்சி எதுக்கு? அஞ்சு உசுரக் காப்பாத்துனவன் வாயில பொய் வராது," என்றார். கூட்டம் தலையாட்டியது. அவன் கல்யாணம் செய்துகொண்டேன் என்று சொன்னபோது யாரும் காதில் வாங்காத கூட்டம் அது.

பிரியங்காவை வரவழைத்தார்கள். காதில் பஞ்சோடு வந்து நின்றாள். பஞ்சாயத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துப் பேசினாள்.

"ஒன் தட்டுல கைய வெச்சேன்னு எங்கப்பா என்ன அடிச்சாரு. அவன்கிட்ட இன்னா கீதுன்னு போனேன்னு அவரு கேட்ட கேள்வியத்தான் நீயும் கேக்குற. இன்னா வித்தியாசம்?"

அவள் தாலியைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். சதாசிவம் மகளின் தோளைத் தொட்டு, "வூட்டுக்கு வா. பிரவினு கட்டிக்கிறேன்றான்," என்றார். அவள் அவர் கையை எடுத்துவிட்டு நடந்து போய்ப் பஸ் ஏறினாள்.

மறுநாள் அரசு படகுக்குப் போனபோது எஞ்சின் பக்கத்தில் பிரவின்குமார் உட்கார்ந்திருந்தான். அரசு சதாசிவத்தைப் பார்த்தான்.

"பொண்ணுக்காகப் பொறுத்துக்கினேன்," என்றார் சதாசிவம். "இப்ப ஒனக்கு இங்க இன்னா வேல?"

பிரவின்குமார் இறங்கி வந்து அவன் தோளில் கை போட்டான். "அவ ஒண்ணும் பண்ணல மச்சான். சிநேகாவும் அங்கதான் இருந்தா. நான் ரெண்டு வார்த்ததான் சொன்னேன். மீதியெல்லாம் நீயே பண்ணிக்கினே."

அரசு அவன் கழுத்தைப் பிடித்தான். படகிலிருந்த மற்ற மூன்று பேரும் அரசுவைப் பிரித்திழுத்து, ஈர மணலில் போட்டு மிதித்தார்கள். மூன்று பேருமே புயல் நாளில் அவனால் தலைமுடி பிடித்துக் கரைசேர்க்கப்பட்டவர்கள்.

பிரியங்காவைத் தேடிக் கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின. பொத்தேரியில், கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பினாள்.

"நீச்சல் வேல?" என்று கேட்டான்.

"காதுல தண்ணி போவக் கூடாதுன்ட்டாங்க. இனிமே எறங்க முடியாது."

"பிரவினு பொய் சொல்ட்டான் பிரியா."

"அவன் சொல்லுவான். அவன் எங்க சாதி ஆளுதானே. நீ எப்டி நம்புனே?"

"என்கிட்ட நீ இருப்பேன்னு எனக்கு நம்பிக்க வரவே இல்ல," என்றான். அதைவிட உண்மையாக அவன் எதுவும் சொன்னதில்லை.

"நான் நம்புனேன்," என்றாள். பிறகு வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். மெஸ்காரம்மா வந்து போகச் சொல்லும்வரை நின்றான்.

அடுத்த வருஷம் குப்பத்துப் பெண் சுஷ்மிதா காலனிப் பையன் ஒருவனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். பெண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். என்ன சொல்லியும் அவள் மசியவில்லை. சிவப்பிரகாசம் கழிக்கு ஆளனுப்பினார். அம்மாவோடு தண்ணீரில் உட்கார்ந்து இறால் தடவிக்கொண்டிருந்த அரசு சேறு வழிய எழுந்து வந்தான். தாடியும் கிழிந்த டவுசருமாக மண்டபத்தில் நின்றான்.

"ஒனக்கு நடந்தத இந்தப் பொண்ணுக்குச் சொல்லுப்பா," என்றார் சிவப்பிரகாசம். "சாதி மாத்திக் கட்டுனா இன்னா கதியாவும்னு அனுபவிச்சவன் வாயாலயே கேக்கட்டும்."

அரசு சுஷ்மிதாவைப் பார்த்தான். "என் பொஞ்சாதி ஒரு தப்பும் பண்ணல," என்றான். "பிரவினு பொய் சொன்னான். நீங்க அத்தனை பேரும் என்னத் தனித் தட்டுல வெச்சே பாத்தீங்க, அதனால நானும் நம்புனேன். நல்லா இருந்த வாழ்க்க. நான்தான் கெடுத்தேன். நீ போம்மா, அவன்கூடப் போ."

எஞ்சின்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த பிரவின்குமார்தான் முதலில் சிரித்தான்.

"இவன் பேச்சு எதுக்கு?" என்றார் சிவப்பிரகாசம். "இவனுக்குப் புத்தி பேதலிச்சு ரொம்ப நாளாவுது. இழுத்துக்கினு போங்க."

இரண்டு பேர் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சிவப்பிரகாசம் அவனைக் கைநீட்டிக் காட்டிவிட்டுச் சுஷ்மிதாவின் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கினியா? அந்த மாதிரி ஆளுங்க இப்டித்தான் ஆவானுங்க. இவன மாதிரி ஒருத்தன் கூடவா நீ குடும்பம் நடத்தப்போற?"