வஹீபுக்கு ஆகாத பயறு

என்னைப் பெண் பார்க்க அலெப்போவிலிருந்து வந்திருந்த வஹீப், ஃபலாஃபெல் வடையைக் கடித்தவுடன் திகைத்துப்போனார். உள்ளே பச்சையாக இருந்தது. அவர் ஊரில் அதைக் கொண்டைக்கடலையில் சுடுவார்கள். எங்கள் அலெக்சாந்திரியாவில் ஃபூல் பயறில் தழைகளைச் சேர்த்தரைத்துச் சுடுவோம்.

அவருடைய ரத்தத்தில் பிறவிக் குறை ஒன்று உண்டு. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு பொருள் அவருக்குப் போதாது. ஃபூல் பயறு உள்ளே போனால் அணுக்கள் உடையும், சிறுநீர் கறுக்கும், உயிரே போகலாம். ஃபோனில் என்னிடம் சொல்லியிருந்தார். குறையுள்ள மாப்பிள்ளை வேண்டாம் என்பாரோ என்று பயந்து வாப்பாவிடம் நான் மறைத்துவிட்டேன். தட்டில் ஃபலாஃபெல் இருந்ததை அவர் கடித்த பிறகுதான் கவனித்தேன்.

வஹீப் கைக்குட்டையில் துப்பினார். வாப்பாவின் முகம் சிவந்தது.

"என்ன மாப்ளே, பன்னிக்கறியா வச்சுட்டோம்? ஹலாலான சாப்பாடு. பிஸ்மில்லா சொல்லி முழுங்குங்க!"

"உங்களுக்கு ஹலால் வாப்பா, அவருக்கு அது விஷம்," என்று எல்லாவற்றையும் சொன்னேன். "தெரிஞ்சே தின்னா ஹராம்தானே? உங்களையே கொன்னுக்காதீங்கன்னு குர்ஆன்லயே இருக்கே."

"ஒரு பயறுக்குப் பயப்படுறவனா உன்னைக் காப்பாத்துவான்?"

"மாமா, கொஞ்சம் உள்ள போயிடுச்சு," என்றார் வஹீப்.

வாப்பா செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி டாக்சியை நிறுத்தினார். ஆஸ்பத்திரி வரை வஹீபின் கையை விடவில்லை.

"ஆபத்தில்லைன்னு எப்பத் தெரியும்?"

"ரெண்டு நாள் பாக்கணும் மாமா."

"ரெண்டு நாளும் நீ நம்ம வீட்லதான்," என்றார் வாப்பா.