இடது பக்கத்துக் குரல்

ஆம்ப்ளிஃபயரில் ஏதோ கோளாறு என்று முதலில் தெரிந்துகொண்டவள் ஞானபாய்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை.

போன வருஷம் பக்கவாதம் வந்ததில் அவளுக்கு வலது கையோடு பேச்சும் போய்விட்டது; நடக்க ஊன்றுகோல் வேண்டியிருந்தது. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வராது. வந்தாலும் வேறு எதுவோ வரும். தண்ணீர் கேட்க நினைத்து “கதவு” என்பாள். தப்பு என்று அவளுக்கே தெரிந்து கண் கலங்கும். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை வந்த சரண்யாதேவி ஒருநாள், “அம்மா முன்னாடி பாடுவாங்களா சார்?” என்று கேட்டாள்.

“கோயில் பாடகர் குழுவுலதான் இருந்தா” என்றார் அவள் கணவர் செல்வதுரை.

“அப்ப அந்தப் பாட்டையே போட்டுவிடுங்க. பேச்சு வராதவங்களுக்கும் சில சமயம் பாட்டு வரும். அந்த வழியா வார்த்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய கொண்டுவரப் பாக்கலாம்.”

அவர்கள் குழு ஒரு கிறிஸ்துமஸுக்குப் பாடிப் பதிவு செய்த கீர்த்தனைகள் வீட்டில் இருந்தன. செல்வதுரை பாட்டைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது அடியில் ஞானபாய் பாடத் தொடங்கினாள். வார்த்தைகள் ஒன்றுகூடப் பிசகாமல் வரிசையாக வந்தன. செல்வதுரை எழுந்து கொல்லைப்பக்கம் போய், முகத்தைக் கழுவிவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

அதன்பின் தினமும் காலைக் காபி முடிந்ததும் பாட்டுதான். பிறகு ஒருநாள் அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இடது பக்க ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. செல்வதுரை ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தபோது லேசான இரைச்சல் மட்டும் கேட்டது. பதிவு செய்தபோது கீழ்க்குரல் பாடிய பெண்கள் இடது பக்கம் நின்றிருந்தார்கள். ஞானபாயும் அவர்களில் ஒருத்தி. வலது பக்கத்திலிருந்து வந்ததெல்லாம் மற்றவர்கள் பாடியது. பிடித்துக்கொள்ள அவளுடைய குரல் அதில் இல்லை.

ஆம்ப்ளிஃபயரைத் துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மெல்வினின் கடைக்குப் போனார். மெல்வின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான்.

“பாருங்க அண்ணாச்சி, போர்டெல்லாம் உப்பு பூத்துக் கெடக்கு. இடது பக்கத்துக்குச் சத்தம் குடுக்குற ஐசி செத்துட்டு. இந்த நம்பர் இப்ப வர்றதே இல்ல. டூப்ளிகேட் இருக்கு, போட்டுத் தரலாம். ஆனா அது எத்தனை நாள் ஓடும்னு நான் சொல்ல மாட்டேன். பேசாம புதுசு வாங்கிருங்க.”

“போட்டுக் குடு தம்பி” என்றார் செல்வதுரை. “ஓடும்.”

துறைமுகத்தில் டக் போட்டில் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பெரிய கப்பல்களைத் தளத்துக்கு இழுத்து வரும் படகு அது. கைவிட்டுவிடலாம் என்று அதிகாரிகள் சொன்ன இன்ஜின்களைப் பிரித்துப்போட்டு ஓட வைத்திருக்கிறார். சாமான் கிடைக்காது என்ற பேச்சை அவர் எப்போதும் காதில் வாங்கியதில்லை.

அந்த ஐசி சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. மகள் ஜாஸ்லின் பாளையங்கோட்டையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்து போவாள். அவள் தன் செல்போனில் அதே பாட்டைப் போட்டு அம்மாவின் காதருகே பிடித்தாள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மேல்குரல்கள் மட்டும் கிணுகிணுவென்று கேட்டன. ஞானபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்வதுரை தானே பாடிப் பார்த்தார். அவருக்குச் சுருதி நிற்காது. அவள் இடது கையால் அவர் முழங்காலை இரண்டு தடவை தட்டினாள், போதும் விடு என்பதுபோல. அவளும் பாடவில்லை.

“புதுசு ஒண்ணு வாங்கிருவோம்ப்பா” என்றாள் ஜாஸ்லின். “கடையில போய் எடுத்தா இன்னைக்கே பாட்டுப் போட்டுரலாம்.”

“ரெண்டு நாளுல வந்துரும்ளா. அம்மாவும் நானும் சேந்து வாங்குனது அது.”

“அம்மாவுக்கு அந்தப் பெட்டியா வேணும்? பாட்டுதானே வேணும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “பேச்சு முழுசாத் திரும்பாதுன்னு டாக்டர் சொன்னதுல இருந்து நீங்க இந்த வீட்டுல எதையும் மாத்தவே விடமாட்டேங்கிய. கிழிஞ்ச திரைச்சீலையக்கூட.”

செல்வதுரை எழுந்துகொண்டார். அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

ஐசி வந்தது. மெல்வின் அதைப் பொருத்தி, கடையில் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகே கொடுத்தனுப்பினான். மறுநாள் காலை ஞானபாய் நாற்காலியை இடது ஸ்பீக்கர் பக்கம் தள்ளிப் போடும்படி கை காட்டினாள். பாட்டு ஆரம்பித்ததும் அவள் உதடு அசைந்தது. ஒரு பாட்டு முழுசாகப் பாடினாள். செல்வதுரைக்கு மகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் ஸ்பீக்கர் படாரென்று வெடித்ததுபோல் அலறியது. தொடர்ந்து தரை அதிரும்படி ஓர் உறுமல். ஆம்ப்ளிஃபயரின் மேல்துளைகளிலிருந்து புகை வந்தது. செல்வதுரை பாய்ந்து சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பியபோது, ஞானபாய் நாற்காலியிலிருந்து சரிந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். தூக்கப் போனவரின் கையைத் தட்டிவிட்டாள். அவள் தொண்டையிலிருந்து வந்த ஓலத்தில் வார்த்தை எதுவும் இல்லை. வெகுநேரம் அப்படியே அழுதாள்.

அடி எதுவும் படவில்லை. ஆனால் அதற்குப்பின் ஞானபாய் பாட்டுப் பெட்டி இருந்த அந்த முன்னறைக்குள் வர மறுத்தாள். சாப்பாடு முதற்கொண்டு படுக்கையறையில்தான். சரண்யாதேவி வந்து பாடிக் காட்டியபோதும் சுவரையே பார்த்திருந்தாள்.

ஆம்ப்ளிஃபயரை மறுபடி கடைக்குக் கொண்டுபோனார் செல்வதுரை. மெல்வின் மூடியைத் திறக்க ஸ்குரூடிரைவரை எடுத்தான்.

“வேண்டாம் தம்பி” என்றார் அவர். “நீ அப்பவே சொன்ன. நாந்தான் கேக்கல.”

“அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணாச்சி?”

“பயந்து போயிட்டா. பேச முடிஞ்சவளா இருந்தா என்னைய நாலு வார்த்தை ஏசியிருப்பா. அதுக்கும் வழியில்லாமக் கெடக்கா.”

 மெல்வின் ஸ்டூலை இழுத்துப் போட்டான். செல்வதுரை உட்கார்ந்தார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை ஒருமுறை கடைசிவரை திருப்பிப் பார்த்துவிட்டு, பெட்டியை மேசைமேல் தள்ளி வைத்தார். “இதுல உனக்கு ஆகுற சாமான எல்லாம் கழட்டிக்கோ” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிறு ஜாஸ்லினோடு போய்ப் புது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் வாங்கிவந்தார். ஜாஸ்லின் எதையும் சொல்லிக் காட்டவில்லை. திரைச்சீலைத் துணியும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். புதுப் பெட்டி பழையதில் பாதிகூட இல்லை. அதைப் பார்க்க அம்மாவைக் கூட்டிவர ஜாஸ்லின் எவ்வளவோ முயன்றாள். ஞானபாய் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“விட்டுரு” என்றார் செல்வதுரை. “அவளா வரட்டும்.”

தினமும் காலையில் முன்னறையில் அவர் மட்டும் உட்கார்ந்து பாட்டுப் போட்டார். ஒலியை மிகவும் குறைத்து வைத்தார். படுக்கையறைக் கதவைத் திறந்தே விட்டார். பாட்டு முடிந்ததும் அணைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். அவளை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. சில நாள் அவருக்கே நம்பிக்கை விட்டுப்போகும். ஆனாலும் மறுநாள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பாட்டின் கீழ்க்குரல் திடீரென்று கனத்ததுபோல் அவருக்குத் தோன்றியது. ஒலியைக் கூட்டிவிட்டோமோ என்று பெட்டியைப் பார்த்தார். கூட்டவில்லை. குரல் படுக்கையறையிலிருந்து வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அசையவும் பயந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த பாட்டில் ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் நெருங்கியது. ஞானபாய் வாசற்படியருகே கொஞ்சம் நின்று புதுப் பெட்டியை உற்றுப் பார்த்தாள். பிறகு வந்து, அதிலிருந்து தள்ளியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டைத் தொடர்ந்தவள் சில இடங்களில் மூச்சு வாங்கி வார்த்தையை விட்டுவிட்டாள். விட்ட இடத்தை அடுத்த அடியில் பிடித்துக்கொண்டாள்.

கீர்த்தனைகள் எல்லாம் முடிந்தன. செல்வதுரை மறுபடி முதலிலிருந்து போட எழுந்தார்.

“போதும்” என்றாள் ஞானபாய்.

ராகமாக இல்லை. முன்பெல்லாம் அவரிடம் பேசுகிற குரலில், கொஞ்சம் அலுப்போடு சொன்னாள். சரியான வார்த்தை, சரியான இடத்தில். அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று சந்தேகப்பட்டவள்போல் இடது கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“போதுமாளா? சரி” என்றார் செல்வதுரை. சுவிட்சைத் தேடி அணைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் அடுக்களைப் பக்கம் கை காட்டினாள். அவர் போய் அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டார். முதல் தோசை கல்லிலேயே பிய்ந்துபோனது. அதையே தட்டில் அள்ளி வைத்துக் கொடுத்தார். அவள் வாங்கிச் சாப்பிட்டாள்.