காற்றில் பழகிய ஏற்றம்

ஐந்தரைக்கு எழும்பினான். தண்ணீர் மோட்டரைப் போட்டான். தொட்டி நிரம்பும்வரை கிணற்றடியில் நின்று பல் விளக்கினான். மோட்டரை நிறுத்தினான். கொய்யாக் கொப்பில் கண்ணாடியை மாட்டி முகம் வழித்தான். பூனைக்குச் சோறு வைத்தான். கேத்தலை அடுப்பில் ஏற்றினான். மூன்று வருடங்களாக ஜஸ்ரின் இதே ஒழுங்கில்தான் காலையைத் தொடங்குகிறான். இன்று ஒன்றுதான் மாறியது. குசினிக்குப் போக வீட்டைச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. ஹோலில் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அவன் மனைவி நிமலினி இருந்தாள்.

பெட்டியின் தலைமாட்டில் அவளுடைய தாய் தேவகுமாரி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கோப்பையின் சூட்டைக் கைகளுக்குள் வைத்திருந்தார்.

வாசலில் சைக்கிள் கழகத்துப் பெடியன்கள் அஞ்சலிப் பனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே நிறச் சட்டை, ஒட்டிப் பிடித்த அரைக் கழுசான். பக்கத்து வீட்டு நாகலிங்கம் பந்தலுக்குள் கதிரைகளை அடுக்கியபடி அவர்களை மேற்பார்வை செய்தார்.

“உதை இன்னும் உயர்த்திக் கட்டுங்கோடா. பெட்டி வெளிக்கிடேக்கை ஆற்றையேன் தலையிலை தட்டப்போகுது.”

“தட்டாது, அப்பு.”

“உங்கடை கழுசானைப் பாத்தா உங்களிலை நம்பிக்கை வருகுதில்லை. சேர்ச்சுக்குள்ளையும் உதோடைதான் வரப்போறியளோ?”

“வேட்டி கொண்டு வந்தனாங்கள், அப்பு.”

“அப்பாடா. போதகர் தப்பினார்.”

யாரோ சிரித்து, எந்த வீடு என்று நினைவு வந்து நிறுத்தினார்கள். ஜஸ்ரினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேத்தலைப் பார்ப்பதுபோல உள்ளே திரும்பினான்.

பனரில் நிமலினி தலைக்கவசத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘இன்னும் ஒன்று!’ என்று இருந்தது. அதற்கும் கீழே, அவள் கடைசியாகச் சொன்னது அதுதான் என்று இருந்தது. புத்தூர்ச் சந்தியிலிருந்து வீடுவரைக்கும் மின்கம்பங்களில் அதே படம், அதே எழுத்து. நேற்று மலைநாட்டிலிருந்து பெட்டியோடு வான் வண்டியில் வந்தபோது ஒவ்வொன்றாகக் கடந்து வந்தான்.

குடாநாட்டில் மலை இல்லை. அண்ணாந்து பார்க்க இருப்பவை பனைகளும் தொலைபேசிக் கோபுரங்களும்தான். தை மாதத்தில் நிமலினியின் தமையன் ஜொனதன் திட்டத்தைச் சொன்னபோது கழகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே போகிற செங்குத்தான ஒரு பாதை. அதன் அடியிலிருந்து உச்சிக்கு ஏறவேண்டும், இறங்கவேண்டும், மறுபடி ஏறவேண்டும். ஒரே பகலில் பத்துத் தரம். ஓர் ஏற்றத்துக்கு இவ்வளவு என்று ஆட்கள் பணம் தருவார்கள். சபையின் பாலர் பாடசாலைக்குக் கூரை போடலாம்.

“ஏறிப் பழகிறதுக்கு இஞ்சை ஒரு புத்தும் இல்லையே, சேர்” என்றான் ஒருவன். ஜொனதன் விளையாட்டு ஆசிரியர்.

“வல்லைவெளி இருக்கு. சோளகம் தொடங்கட்டும், பாப்பம். காத்துத்தான் எங்கடை மலை.”

சோளகம் என்கிற தென்மேல் காற்று தொடங்கியது. மரமில்லாத அந்த வெளியில் மோட்டார் சைக்கிளே ஒரு பக்கம் சாய்ந்துதான் ஓடும். பருத்தித்துறைப் பக்கம் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது முகத்தில் அறையும். அந்த அறைக்கு எதிராக அவர்கள் பல்லைக் கடித்து உழக்கினார்கள். ஜஸ்ரினுக்குச் சைக்கிளில் ஆசை இல்லை. தண்ணீர்ப் போத்தல்களையும் வாழைப்பழச் சீப்பையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்னால் போவான். எல்லாருக்கும் முதல் நிமலினிதான் வந்து சேருவாள். மலையிலும் அப்படித்தான். உச்சியில் மேசை போட்டுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றவன் அவன். ஏழாவது ஏற்றத்துக்குப் பிறகு இறங்கியவள் மூன்றாவது வளைவில் திரும்பவில்லை. நேரே போய்விட்டாள். பொலிஸார் சைக்கிளைச் சோதித்தார்கள். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று மரண விசாரணையில் சொன்னார்கள். அவனுக்கு அது முன்னமே தெரியும். முதல் நாள் அதைச் சரிபார்த்துப் பூட்டியவன் அவன்.

ஒன்பது மணிபோலப் போதகர் நேசையா வந்தார். ஜெபித்துவிட்டு அவனைப் பந்தலின் மூலைக்குக் கூட்டிப் போனார்.

“மகன், ஆராதனையிலை நீங்கள் ரெண்டு வார்த்தை பேசவேணும்.”

“என்ன பேசுறது, போதகர்?”

“பெரிசா ஒண்டும் வேண்டாம். அவ கடைசியாச் சொன்னதை உங்கடை வாயாலை சொன்னாக் காணும். இளம் பிள்ளையளுக்கு அது ஒரு சாட்சி. நான் பிரசங்கமும் அதிலைதான் வைச்சிருக்கிறன்.”

“ஜொனதன் சொல்லட்டுமே.”

“அவர் சகோதரன். நீங்கள் புருசன். பக்கத்திலை நிண்டதும் நீங்கள்.” தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஜஸ்ரின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றான். அந்த வீட்டில் ஆள் இல்லாத இடம் அது ஒன்றுதான். அங்கே ஜொனதன் ஏற்கெனவே குந்தியிருந்தான். மூன்று நாளாக அவன் படுக்கவில்லை. மலைப் பாதையில் ஓடி விழுந்ததில் இரண்டு முழங்காலிலும் தோல் போயிருந்தது.

“போதகர் கேட்டவரோ, மச்சான்?”

“ஓம்.”

“நான் சொல்லச் சொல்லேல்லை. அவராத்தான்.”

ஜஸ்ரின் அவனுக்குப் பக்கத்தில் குந்தினான். தொட்டியிலிருந்து நீர் கசிந்து சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்டைக்கு அம்மா போனிலை குழறுறா. என்ன சொன்னவள், கடைசியா என்ன சொன்னவள் எண்டு. என்ரை வாயிலை வந்தது அதுதான். இன்னும் ஒண்டு, பிறகு சாப்பிடுவம் எண்டு அவளுக்குச் சொன்னது நான். நான் சொன்னதை அவள் சொன்னதாச் சொல்லிப்போட்டன்.”

“தெரியும்.”

“பிறகு பாத்தா, பெடியள் பனர் அடிச்சுப்போட்டாங்கள்.”

பந்தலில் பெண்கள் பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். சுருதி சேரவில்லை. நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள்.

“இறங்கிறதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசிக்கேல்லையடா” என்றான் ஜொனதன். “வல்லைவெளியிலை ஆர் பிரேக் பிடிச்சது? அங்கை உச்சியிலையிருந்து அடிமட்டும் கையாலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டே வரவேணும். ஒவ்வொருக்காலும். அதைப் பழக்கிறதுக்கு எங்களிட்டை என்ன கிடக்கு?”

அவன் எழும்பப் பார்த்தான். முழங்கால் விடவில்லை. மறுபடி குந்தினான்.

“அவள் எனக்குச் சொன்ன மறுமொழி உனக்கும் கேட்டதுதானே?”

“கேட்டது.”

“அம்மாவுக்குத் தெரிஞ்சால் பிறகு என்ரை முகத்திலை முழிக்கமாட்டா.” முழங்காலைத் தடவியபடி, “சொல்லாதை எண்டு நான் சொல்லேல்லை, மச்சான்” என்றான்.

“அப்ப வேறை என்ன சொல்லுறாய்?”



மாமிக்கு இரண்டு பிள்ளைகள். இப்போது ஒன்று. ஜஸ்ரின் வாயைத் திறந்தால் அந்த ஒன்றும் போகும். திறக்காவிட்டால், புத்தூர்ச் சந்திவரைக்கும் ஒவ்வொரு கம்பத்திலும் தொங்குகிற யாரோ ஒருத்தி நிமலினியாக நிலைத்துவிடுவாள். மழை வந்து பனர் கிழிந்தாலும் ஆட்கள் மறக்கமாட்டார்கள். யோசித்துப் பார்க்க வேறு வழி எதுவும் தென்படவில்லை. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெட்டி மூட நேரமாகிவிட்டது.

தேவகுமாரி மகளின் வெள்ளைக் கையுறையை விரல் விரலாக இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜொனதன் மறுபக்கத்தில் மூடியின் ஆணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“ஜஸ்ரின்” என்றார் அவர், நிமிராமல். “நீர் பக்கத்திலைதானே நிண்டனீர்?”

“ஓம், மாமி.”

“உம்மடை மச்சான் சொல்லுறமாதிரித்தான் சொன்னவளோ?”

ஜொனதனின் கையில் ஆணிகள் மெல்லச் சத்தமிட்டன.

“ஓம், மாமி.”

அந்த ஓம் முதல் ஓமைப்போலவே வந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் கையுறையை விட்டுவிட்டு எழுந்து வழிவிட்டார்.

தேவாலயத்தில் அவன் பெயரை அழைத்தார்கள். முன்னே போனான். ஒலிவாங்கி போதகரின் உயரத்துக்கு இருந்தது. யாரோ வந்து இறக்கிவிட்டார்கள். பின்வரிசை வாங்குகளில் வேட்டி கட்டிய கழகத்துப் பெடியன்கள் அவனையே பார்த்தார்கள். முதல் வாங்கில் தேவகுமாரி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்த எல்லாருக்கும் நன்றி” என்றான்.

காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. ஒரு குழந்தை எதையோ கேட்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். அவன் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். துக்கத்தில் நா எழவில்லை என்று போதகர் விளக்கம் சொன்னார். பிறகு அவனுக்குப் பதிலாக அவரே அதைச் சொன்னார், இரண்டு தரம். இரண்டாவது தரம் பின்வரிசைகளும் சேர்ந்து சொல்லின.

சேமக்காலைக்குப் பெட்டிக்கு முன்னால் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு போனார்கள். செம்மண் ஈரமாக இருந்தது. குழிக்குள் மூன்று பிடி போட்டான். கையில் ஒட்டியதை எங்கே துடைப்பது என்று தெரியவில்லை. திரும்பி நடக்கும்போது பின்னால் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

“இனி உந்தப் பெடியன் எங்கை இருப்பான்? வீடு அவளின்ரை சீதனம்தானே?”

“மெல்லக் கதை. முன்னாலை போறான்.”

“கேக்கட்டுமன். நாளைக்குத் தாய்க்காரியோடை ஒரு வீட்டிலை எப்பிடி இருக்கிறது? போகச் சொல்லவும் ஏலாது. இருக்கச் சொல்லவும் ஏலாது.”

அவன் நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

குளித்துவிட்டு வந்தபோது பந்தலில் பாதிக் கதிரைகள் ஏற்றப்பட்டிருந்தன. வெயில் சாய்ந்திருந்தது. நாகலிங்கம் வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் வந்திருந்தன. தேவகுமாரி அவனைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொடுத்தார். அவன் சுவரோடு நின்று சாப்பிட்டான்.

“இன்னும் ரெண்டு வைக்கட்டே?”

“காணும், மாமி.”

இடியப்பத் தட்டை அவர் மூடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அவளுக்கு மூண்டு. நாலாவது வைச்சா அழுவாள், சின்னனிலை. கலியாணச் சீலை எடுக்கப் போன இடத்திலையும் முதல் காட்டின சீலையை எடுத்துக்கொண்டு எழும்பிட்டாள். கடைக்காரன் என்னைப் பாக்கிறான், நான் அவனைப் பாக்கிறன். பிறந்தநாள் கேக்கெண்டாலும் ஒரு துண்டுதான்.” தட்டை மூடினார். “இன்னும் ஒண்டு எண்டு என்ரை பிள்ளை ஒண்டையும் கேட்டதில்லை.”

பின்வாசலில் ஜொனதன் வந்து நின்றான். தலை ஈரம் சொட்டியது. துவாய் கையில் இருந்தது. தேவகுமாரி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“காலமை பெட்டியடியிலை வைச்சு உம்மைக் கேட்டிருக்கக் கூடாது. சனம் நிண்டது. இப்ப ஒருத்தரும் இல்லை.”

ஒருத்தரும் இல்லை என்று அவர் சொன்னபோது ஜொனதன் அசையவில்லை.

“நான் அவனைக் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். அவன் எனக்கு வேணும். உம்மைத்தான் கேக்கிறன். என்னை நினைச்சவள், ஆண்டவரை நினைச்சவள் எண்டு சோடிச்சு ஒண்டும் வேண்டாம். உள்ளதைச் சொல்லும். எனக்கு அவளின்ரை சொல்லு வேணும்.”

ஜஸ்ரின் வாசலைப் பார்த்தான். ஜொனதன் போய்விடலாம். முற்றம் முழுக்கக் கிடந்தது. அவன் போகவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முதுகை இவர்கள் பக்கம் வைத்து, படியில் மெல்ல உட்கார்ந்தான். துவாயைத் தலையில் போட்டுக்கொண்டான்.

ஜஸ்ரின் கோப்பையை அடுப்படியில் வைத்தான். கை கழுவினான். வேறு ஒருவருடைய பேச்சும் அதில் கலந்துவிடாதபடி, அவளுடையதை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். எடுத்தான்.

“தண்ணி குடிச்சு முடிச்சவள், மாமி. போத்தலை என்னட்டைத் தந்தவள். தந்துபோட்டுத்தான் சொன்னவள்.”

“என்னெண்டு?”

“‘காலுக்கு ஒண்டும் இல்லை. கைதான் நோகுது.’”