கிடங்கு நிரம்பிய இரும்பு

அந்த எண்ணை இரண்டு முறை படித்தேன். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவு முந்நூறுக்குள் இருக்க வேண்டும். தம்பிக்கு மூவாயிரத்து நானூறு. மெஷின் மேல் பழியைப் போட்டு இன்னொரு முறை ஓட்டினேன். அதே எண்தான் வந்தது.

ஊரார் ரத்தத்தையெல்லாம் பரிசோதித்துச் சொல்கிற லேப்காரி நான். தம்பி சோர்ந்து விழுந்தபோது மட்டும் ஊசியை எடுக்கவில்லை. இமையை இழுத்துப் பார்த்து, "உனக்கு ரத்தமே இல்லடா" என்று தீர்ப்புச் சொன்னேன். தினம் இரண்டு இரும்பு மாத்திரை, பதினோரு மாதம். என் திமிரை என்னவென்று சொல்ல! அவன் தேறவில்லை என்ற பிறகுதான் ரத்தம் எடுக்கவே தோன்றியது.

மறுநாள் காலை டாக்டர் அறை. மாத்திரையால்தான் என்று வழியிலேயே அவனிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இரும்பு கூடினா நல்லதுதானே, டாக்டர்?" என்றான் தம்பி.

"உடம்புக்கு அதை வெளியே தள்ளத் தெரியாது. ஈரல்லயும் இதயத்துலயும் போய்த் தங்கிடும்."

கம்ப்யூட்டரில் ராஜ்ஜியம் கட்டி விளையாடுகிறவன் அவன். "புரியுது. போன வாரம் அப்படித்தான் தோத்தேன். எல்லாரையும் சுரங்கத்துக்கு அனுப்பி இரும்பாக் குவிச்சேன். கிடங்கு வழியுது, வயல்ல ஆளில்ல. எதிரி வர்றதுக்குள்ள என் ஜனம் பட்டினியில செத்துருச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "இரும்பு மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"நானே கடைல வாங்கினேன். ஒரு மாசம் இருக்கும்."

மாத்திரைதான் காரணம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. என் வேலை போய்விடும் என்று மறைக்கிறான், மடையன். டாக்டர் 'ஒரு மாதம்' என்று எழுதத் தொடங்கினார்.

"பொய் டாக்டர்! பதினோரு மாசம், தினம் ரெண்டு. நான்தான் கொடுத்தேன்."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு என்னை முறைத்தார். "மாத்திரையால மட்டும் இவ்வளவு ஏறாது. பிறவியிலேயே இரும்பைச் சேர்த்து வைக்கிற உடம்பா இருக்கலாம். அதுல நீங்க எரியிற தீயில எண்ணெய் ஊத்தியிருக்கீங்க. ஈரல் எவ்வளவு கெட்டிருக்குன்னு ஸ்கேன்லதான் தெரியும். ரத்தத்தோடதான் இரும்பு வெளியே போகும்; வாராவாரம் ஒரு பை ரத்தம் எடுக்கணும். இன்னைக்கே ஆரம்பிக்கலாம், நர்ஸைக் கூப்பிடறேன்."

தம்பி சட்டைக் கையைச் சுருட்டினான். முகத்தில் சிரிப்பில்லை.

"நர்ஸ் வேண்டாம், டாக்டர்" என்று சொல்லிக் கையை என் பக்கம் நீட்டினான். "கொடுத்தது நீதானே அக்கா. நீயே எடு."